ஸ்பாவா, மொன்சாவா? ஒரே ஒரு பந்தயத் தடம் பார்க்க வாய்த்தால்

கார் பந்தயத்தை ஐரோப்பாவுக்குப் போய் நேரில் பார்ப்பது என்பது பெரும்பாலானோருக்கு அடிக்கடி கூடிவருகிற காரியம் இல்லை. விடுமுறை, பணம், விசா எல்லாம் ஒருசேர அமையும் அந்த ஒரு தடவைக்கு எந்தத் தடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் 1950இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் தடங்களில் சில்வர்ஸ்டோன், மொனாக்கோ, ஸ்பா, மொன்சா ஆகிய நான்கும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மொனாக்கோ ஊர்த் தெருக்களை அடைத்து நடத்தும் பந்தயம்; அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மீதி மூன்றும் இதற்கென்றே வாழ்கிற தடங்கள். மூன்றையும் எடைபோட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: டிவியில் கிடைக்காத எது அங்கே போனால் கிடைக்கும்? முந்துவது, டயர் மாற்றுவது, நேர வித்தியாசம், வானொலிப் பேச்சு எல்லாமே வீட்டுத் திரையில் நன்றாகத் தெரிகின்றன. தடத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு அவற்றில் பாதிகூடத் தெரியாது. ஆகவே, திரை எதை மறைக்கிறதோ அதற்காகத்தான் பயணம் போக வேண்டும்.

சில்வர்ஸ்டோனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது வெலிங்டன் ரகக் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட விமானத்தளம் அது. போர் முடிந்ததும் வெறுமனே கிடந்த ஓடுபாதைகளிலும் சுற்றுச்சாலையிலும் 1948இல் பந்தயம் நடத்தினார்கள். 1950 மே 13 அன்று சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்ததும் அங்கேதான். மன்னர் ஆறாம் ஜார்ஜ் பார்க்க வந்திருந்தார், ஆல்ஃபா ரோமியோவில் ஜுசெப்பே ஃபரினா வென்றார். மறுஆண்டு ஃபெராரி தன் முதல் சாம்பியன்ஷிப் பந்தய வெற்றியைப் பெற்றதும் அதே மண்ணில். வரலாற்றுக்குக் குறைவில்லை. மேகட்ஸ், பெக்கெட்ஸ், சேப்பல் என்று இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் வளைவுகளில் இன்றைய கார் திசை மாறும் வேகத்தை நேரில் பார்க்கும்போது கண் நம்ப மறுக்கும். ஆனாலும் விமானம் இறங்குவதற்காகச் சமன் செய்த நிலம் அது. மேடில்லை, பள்ளமில்லை, மறைக்க மரமில்லை. நிலம் எதையும் கட்டாயப்படுத்தாததால், தேவைக்கு ஏற்பத் தடத்தைப் பலமுறை மாற்றி வரைந்திருக்கிறார்கள். போட்டி சிறப்பாக இருக்கும். ரசிகர்களும் பந்தயம் அறிந்தவர்கள். இங்கிலாந்தில் உறவினர் இருந்து தங்குமிடம் கிடைக்கிறது என்றால் தயங்காமல் போகலாம். இல்லையென்றால் போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

முதலில் மொன்சா. மிலான் நகரத்துக்கு வடக்கே, பழைய அரண்மனைப் பூங்கா ஒன்றின் உள்ளே இருக்கிறது. 1922 கோடையில் சில மாதங்களுக்குள் கட்டி முடித்து, செப்டம்பரில் பந்தயம் நடத்திவிட்டார்கள். பந்தயத்துக்கென்றே கட்டிய தடங்களில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ஆகியவற்றுக்கு அடுத்து வந்தது இது. 1950 முதல் இன்றுவரை 1980ஐத் தவிர எல்லா ஆண்டும் இத்தாலிய கிராண்ட் பிரி இங்கேதான் நடந்திருக்கிறது. அந்த ஓர் ஆண்டு மட்டும் இமோலாவுக்குப் போனது.

இந்தத் தடத்தின் குணத்தை ஒரே சொல்லில் அடக்கலாம்: வேகம். 5.793 கிலோமீட்டர் சுற்றில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடியே ஓட்டுகிறார்கள். மற்ற தடங்களில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் பெரிய இறக்கைகளை இங்கே கழற்றிவிட்டு, தகடுபோல் மெல்லிய இறக்கைகளை மாட்டுகிறார்கள். அதனால் நேர்பாதையில் கார் பறக்கும், பிரேக் பிடிக்கும்போது நிலைகொள்ளாது. 350 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், வேகத்தைக் குறைப்பதற்கென்றே போட்ட முதல் நெளிவுக்கு முன்னால் 80க்கும் கீழே இறங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வளைவைவிட அந்தப் பிரேக்தான் காட்சி. 2020 தகுதிச் சுற்றில் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனின் சராசரி வேகம் மணிக்கு 264 கிலோமீட்டர். உச்ச வேகம் அல்ல, நெளிவுகளையும் சேர்த்த சராசரி.

இந்த வேகத்துக்கு மொன்சா கொடுத்த விலை பெரிது. 1928இல் எமிலியோ மத்தெராசியின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மடிந்தார்கள். 1933 செப்டம்பர் 10 அன்று ஒரே நாளில் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். 1961இல், பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த வொல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸும் 15 பார்வையாளர்களும் இறந்தார்கள். 1970இல் பயிற்சியின்போது யோகன் ரிண்ட் உயிரிழந்தார். அந்த ஆண்டின் உலகப் பட்டம் இறந்தவருக்கே போனது.

மொன்சாவின் பழைய முகத்தைக் காட்ட 1971 பந்தயம் ஒன்றே போதும். அப்போது நெளிவுகள் கிடையாது. முன்னால் போகும் கார் கிழித்துவிட்டுப் போகும் காற்றில் ஒண்டிக்கொண்டு பின்னால் வருபவர் வேகம் கூட்டுவார், வெளியே விலகி முந்துவார், அடுத்த நேர்பாதையில் அதே முறையில் முந்தப்படுவார். இப்படிச் சுற்றுக்குப் பலமுறை முன்னிலை கைமாறியது. கடைசி வளைவான பராபோலிகாவிலிருந்து ஐந்து கார்கள் கொத்தாக வெளியே வந்தன. பீட்டர் கெத்தின், ரோனி பீட்டர்சனை 0.01 வினாடி வித்தியாசத்தில் வென்றார். முதல் ஐந்து பேருக்கும் இடையே மொத்தம் 0.61 வினாடிதான். சராசரி வேகம் 242 கிலோமீட்டருக்கு மேல்; மிக வேகமான பந்தயம் என்ற அந்தச் சாதனை 2003இல் அதே மொன்சாவில்தான் முறிந்தது. கெத்தின் வாழ்நாளில் வென்ற ஒரே சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரி அது. அடுத்த ஆண்டே நெளிவுகள் வந்துவிட்டன. கார்களின் வேகத்தைப் பார்த்தால் அவை வந்தே ஆகவேண்டியவைதான். ஆனால் இன்று மொன்சாவுக்குப் போகிறவர் 1971ஐத் தேடிப் போகக் கூடாது.

தேடிப் போக வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, மரங்களுக்கிடையே இன்றும் நிற்கும் பழைய சாய்தளம், அதாவது வெளிவிளிம்பை உயர்த்திச் சரிவாகக் கட்டிய வளைவுகள். 1955இல் கான்கிரீட்டில் கட்டிய இந்த வளைவுகளில் ஃபார்முலா ஒன் கார்கள் நான்கு ஆண்டுகளின் பந்தயங்களில் மட்டுமே ஓடின, 1961தான் கடைசி. மேடுபள்ளமான அந்தக் கான்கிரீட், காரையும் ஆளையும் உலுக்கி எடுத்தது. 1960இல் பிரிட்டிஷ் அணிகள் பந்தயத்தையே புறக்கணித்தன. சாய்தளத்தின் மேல்விளிம்பை நோக்கிக் கைகளை ஊன்றித்தான் ஏற முடியும். பாதி ஏறித் திரும்பிப் பார்த்தால் நிற்கவே கால் தடுமாறும். இதன்மேல் மெல்லிய டயர்களோடு முழு வேகத்தில் ஓட்டினார்கள் என்பது அங்கே நிற்கும்போதுதான் மனத்தில் ஏறுகிறது. எந்தப் புகைப்படமும் அந்தச் சரிவை உள்ளபடி காட்டியதில்லை.

இன்னொன்று கூட்டம். ஃபெராரி ரசிகர்களை டிஃபோசி என்பார்கள். பந்தயம் முடிந்து கொடி விழுந்ததும் அவர்கள் தடத்துக்குள் இறங்கி, பரிசு மேடையின் கீழே சிவப்புக் கடலாக நிற்பார்கள். தடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மேடையில் நிற்பவர் சிவப்பு உடை அணிந்திருந்தால் அந்த நாள் திருவிழா. 1988 ஆகஸ்டில் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி காலமானார். அந்தப் பருவம் முழுவதும் மெக்லாரன் அணி எல்லாப் பந்தயங்களையும் வென்றுகொண்டிருந்தது. மொன்சாவிலும் மெக்லாரன் ஓட்டுநர் ஐர்ட்டன் சென்னாதான் முன்னிலையில் இருந்தார். இரண்டு சுற்றுகள் மீதியிருந்தபோது ஒரு சுற்றுப் பின்தங்கிய காரோடு மோதி அவர் நின்றுபோக, பெர்கரும் ஆல்போரேட்டோவும் ஃபெராரிக்கு முதல் இரண்டு இடங்களைக் கொண்டுவந்தார்கள். மெக்லாரன் அந்த ஆண்டு தோற்ற ஒரே பந்தயம் அது. அந்த ஆல்போரேட்டோவின் பெயரைத்தான் இப்போது பராபோலிகாவுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இனி ஸ்பா. பெல்ஜியத்தின் கிழக்கே, ஆர்டென் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஃபிராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ என்ற மூன்று ஊர்களை இணைத்த பொதுச் சாலைகளை, லியேஜ் நகரப் பத்திரிகைக்காரரான ஜூல் த டியேரும் அவருடைய நண்பரும் 1920இல் ஒரு முக்கோணமாகப் பார்த்தார்கள். 1921இல் கார் பந்தயம் அறிவித்தபோது ஒரே ஒரு கார்தான் பதிவானது. மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டுத் தொடங்கிவைத்தார்கள். 24 மணி நேரப் பந்தயம் 1924இலும் பெல்ஜிய கிராண்ட் பிரி 1925இலும் வந்தன.

ஓ ரூஜ் என்பது அங்கே ஓடும் ஒரு சிற்றோடை. முதல் உலகப் போருக்கு முன்பு அந்த ஓடைதான் பெல்ஜியத்துக்கும் பிரஷ்யாவுக்கும் எல்லை. சாலை அங்கே இறங்கி, ஓடையைக் கடந்து, பழைய சுங்கச்சாவடிப் பக்கம் போய்க் கொண்டையூசி வளைவாகத் திரும்பி வந்தது. 1939இல் அந்த வளைவை வெட்டிவிட்டு, மலைமுகத்தில் நேராக ஏறும் பாதையைப் போட்டார்கள். அதுதான் ரேடியோன். கவனித்தால், மொன்சா வேகத்தைக் குறைக்க நெளிவுகளைச் சேர்த்தது. ஸ்பாவோ வேகத்தைக் கூட்டுவதற்காக இருந்த வளைவையும் நீக்கியது. பின்னாளில் ஸ்டாவ்லோவிலும் அப்படியே செய்தார்கள். விளைவு, 14.1 கிலோமீட்டர் நீளத்தில் வீடுகளும் தந்திக்கம்பங்களும் வேலிகளும் ஓரத்தில் நிற்கும் அதிவேகச் சாலை. 1971இல் போர்ஷே 917 கார்கள் அதில் சுற்றுக்குச் சராசரி 260 கிலோமீட்டரைத் தாண்டின.

1960 பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ, ஆலன் ஸ்டேசி என்ற இரு இளைஞர்கள் சில நிமிட இடைவெளியில் இறந்தார்கள். ஜிம் கிளார்க் 1962 முதல் 1965 வரை நான்கு முறை தொடர்ந்து இங்கே வென்றும் இந்தத் தடத்தைக் கடைசிவரை வெறுத்தார். 1966இல் நடந்தது எல்லாவற்றையும் மாற்றியது. கிளம்பும்போது தரை காய்ந்திருந்தது. தடத்தின் மறுபக்கத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் சுற்றிலேயே ஏழெட்டு கார்கள் சறுக்கி விலகின. மாஸ்டா நேர்பாதையருகே ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் சாலையைவிட்டுப் பாய்ந்து நசுங்கியது. வளைந்த ஸ்டீரிங் அவர் கால்களைச் சிறைப்பிடித்தது. உடைந்த தொட்டியிலிருந்து எரிபொருள் உடலை நனைத்தது. மருத்துவரும் இல்லை, மீட்புக் குழுவும் இல்லை. அருகிலேயே விலகி நின்ற கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்ட்டும் ஓடிவந்து, பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் இரவல் வாங்கி ஸ்டீரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார்கள். அதன் பிறகு ஸ்டூவர்ட் தன் காருக்குள் ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார். பாதுகாப்புக்காக அவர் நடத்திய நீண்ட போராட்டம் அந்த வயல்வெளியில்தான் பிறந்தது. இன்று ஓட்டுநர்கள் உயிரோடு வீடு திரும்புவதில் அந்த ஸ்பேனருக்குப் பங்கு உண்டு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

1970க்குப் பிறகு ஃபார்முலா ஒன் ஸ்பாவுக்கு வரவில்லை. 1979இல் பாதி நீளத்துக்குச் சுருக்கிய புதிய தடம் வந்தது; 1983இல் கிராண்ட் பிரியும் திரும்பியது. பழைய தடத்தின் சிறந்த பகுதிகளான லா சூர்ஸ், ஓ ரூஜ், ரேடியோன், கெமெல் நேர்பாதை, பிளான்ஷிமோன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, நடுவில் பள்ளத்தாக்கை வளைத்து இறங்கும் புதிய பகுதியைச் சேர்த்தார்கள். பழைய தடத்தை இவ்வளவு மரியாதையோடு சுருக்கிய வேலை வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. புதிதாகச் சேர்த்த பூஓன் வளைவு, இறக்கத்தில் இரட்டையாக இடப்பக்கம் திரும்பும் அந்த இடம், பழைய வளைவுகளோடு பிறந்தது போலவே பொருந்தியிருக்கிறது. 7.004 கிலோமீட்டரோடு இன்றைய பட்டியலில் மிக நீளமான தடம் இதுவே.

ஓ ரூஜைப் பற்றி டிவி சொல்வது பாதி உண்மைகூட இல்லை. தூரத்து லென்ஸ் சரிவைத் தட்டையாக்கிவிடுகிறது. திரையில் அது லேசாக மேலேறும் ஒரு நெளிவு. நேரில் ஓடைக்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பத்து மாடிக் கட்டடத்துக்கும் மேலான உயரத்தில் சாலை வானத்துக்குள் போய் மறைகிறது. லா சூர்ஸிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் கார் பள்ளத்தைத் தொட்டதும் தரையோடு நசுக்கப்படுகிறது; அடித்தட்டு உரசித் தீப்பொறி தெறிக்கிறது. இடம், உடனே வலம், பிறகு உச்சியில் மறுபடி இடம். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஏறும்போது ஓட்டுநருக்குத் தெரியாது. தெரியாமலேயே காலை எடுக்காமல் போகிறார்கள். 2019இல் அந்த உச்சிக்கு அப்பால்தான் ஃபார்முலா 2 ஓட்டுநர் ஆந்துவான் ஹூபர் இறந்தார். 2023இல் மழையில், கெமெல் நேர்பாதையில் டிலானோ ஃபான் ஹோஃப் என்ற 18 வயது ஓட்டுநர் இறந்தார். 2022இல் ஓரங்களை அகலப்படுத்தி, பல வளைவுகளில் சரளைக் கற்களைத் திரும்பக் கொட்டியிருந்தும் இது நடந்தது. ஸ்பாவை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே நேசிக்க வேண்டியிருக்கிறது. நேசிப்பதாலேயே இன்னும் மாற்றங்களைக் கேட்கவும் வேண்டும்.

இனி நடைமுறை. போய்வரும் வசதியில் மொன்சா தெளிவாக முந்துகிறது. மிலானில் தங்கி ரயிலில் போய்வரலாம். செப்டம்பர் முதல் வார வானிலை பெரும்பாலும் ஏமாற்றாது. ஸ்பாவுக்குப் பக்கத்தில் பெருநகரம் இல்லை. வெர்வியே வரை ரயில், பிறகு பஸ். அல்லது சொந்தமாகக் கார், பந்தயம் முடிந்ததும் மலைச்சாலையில் நீண்ட காத்திருப்பு. மழையோ அந்த மலைக்குச் சொந்தமானது. 2021இல் மணிக்கணக்கில் நனைந்தபடி காத்திருந்த கூட்டத்துக்குக் கிடைத்தது, வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் போகும் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் மட்டுமே. அதையே பந்தயமாகக் கணக்கிட்டு அரைப் புள்ளிகள் கொடுத்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்களுக்கு இழைத்த அநீதி என்றே இன்றும் அதைச் சொல்வேன். ஸ்பாவைத் தேர்ந்தெடுப்பவர் இந்த ஆபத்தை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல மழைக்கோட்டும், சேற்றில் நடக்கும் காலணியும் அங்கே டிக்கெட்டைப் போலவே அவசியம்.

கண்ணுக்குக் கிடைப்பதில் நிலைமை தலைகீழ். மொன்சா சமதளப் பூங்கா; மரங்கள் மறைக்கும். பார்வையாளர் மேடையில் இடம் வாங்காமல் பொது டிக்கெட்டில் போனால் வேலிக்கு மேலே ஒரு கணம் ஏதோ பறந்துபோனதாகத்தான் தெரியும். ஸ்பாவில் மலைச்சரிவே கேலரி. குறைந்த விலை டிக்கெட்டுக்காரரும் நடந்துபோய் வேறு வேறு சரிவுகளில் நின்று, கார் கீழிருந்து மேலேறுவதையும் மேலிருந்து கீழிறங்குவதையும் நீண்ட நேரம் பார்க்க முடியும். சுற்று நீளமாக இருப்பதால் கார்கள் 44 முறைதான் நம்மைக் கடக்கும். மொன்சாவில் 53 முறை. ஆனால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் கண்ணில் நிற்கின்றன என்பதுதான் முக்கியம், அதில் ஸ்பாவுக்கு நிகரில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்பாவின் பழைய முக்கோணத்தின் கைவிடப்பட்ட பகுதி இன்றும் சாதாரணப் பொதுச் சாலைதான். பந்தயத்துக்கு மறுநாள் வாடகைக் காரில் பர்னன்வில், மால்மெடி, மாஸ்டா வழியாக நிதானமாகப் போய்வரலாம். நிதானமான வேகத்திலேயே அந்த வீடுகள் சாலையை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது உறைக்கும். மொன்சாவின் சாய்தளம் ஓர் அருங்காட்சிப் பொருளைப் பார்ப்பது. இங்கே ஜிம் கிளார்க் எதை வெறுத்தார் என்பதை நம் ஸ்டீரிங்கிலேயே உணரலாம்.

சிலர் மூன்றாவதாக நூர்பர்க்ரிங்கைக் கேட்பார்கள். ஸ்பாவிலிருந்து அதிக தூரமில்லை, ஐஃபெல் மலையில் இருக்கிறது. 1927இல் திறந்த அதன் 20.8 கிலோமீட்டர் வடக்குத் தடத்தில் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய நேரங்களில் நாமே கட்டணம் கட்டி ஓட்டலாம். 1976இல் நிக்கி லவுடா தீயில் சிக்கிய பிறகு ஃபார்முலா ஒன் அந்த நீளத் தடத்துக்குத் திரும்பவே இல்லை. ஓட்டும் ஆசை பார்க்கும் ஆசையைவிடப் பெரிதென்றால் அது சரியான இடம். ஆனால் வாடகைக் காரை அங்கே இறக்கக் கூடாது; பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லை.

என் தீர்ப்பு ஸ்பா. மொன்சா தரும் வேகத்தின் பெரும்பகுதியை, எண்களாகவாவது, திரை சொல்லிவிடுகிறது. ஸ்பாவின் மேடுபள்ளத்தை அது ஒருபோதும் சொல்வதில்லை. இதற்கு விலக்கு உண்டு. நீங்கள் ஃபெராரி ரசிகர் என்றால் இந்த வாதம் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, மொன்சாவுக்குப் போங்கள். குழந்தைகளையோ வயதானவர்களையோ அழைத்துப் போகிறீர்கள் என்றாலும் மொன்சாதான். ஸ்பாவின் ஏற்ற இறக்கத்தில் ஒருநாள் முழுக்க நடப்பது அவர்களுக்குத் தண்டனை.

கிராண்ட் பிரிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் ஸ்பாவின் 24 மணி நேரப் பந்தயத்தையும், மே மாதத்தில் நடக்கும் உலகத் தாங்குதிறன் சாம்பியன்ஷிப்பின் 6 மணி நேரப் பந்தயத்தையும் யோசிக்கலாம். நெரிசல் குறைவு, பந்தயம் நீளம் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்டுப்பாதை வழியாகத் தடத்தைச் சுற்றிவர நேரம் இருக்கும். கிராண்ட் பிரியே வேண்டும் என்பவர்கள் ஆண்டைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். இப்போதுள்ள ஒப்பந்தப்படி மொன்சா 2031 வரை ஆண்டுதோறும் உண்டு. ஸ்பாவுக்கு 2028இலும் 2030இலும் பந்தயம் கிடையாது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் உங்களுக்கு விடுமுறை அமையும் என்றால், மொன்சாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, சாய்தளத்தைப் பார்க்க ஒரு காலைப்பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள்.